எல்லோருக்கும் வசதியான செவ்வாய்க்கிழமை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இந்த வீட்டில் மூன்றரைப் பேரும் சுகம். அந்த அரை ஆள்தான் மூவரையும்விட அதிகமாக உதைக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன தடவை பேசியபோது நீ "உனக்கு யார் சொன்னாலும் ஏறாது" என்றாய், நான் "உனக்கு மட்டும் ஏறுமாக்கும்" என்றேன். யார் முதலில் போனை வைத்தது என்று இன்னும் முடிவாகவில்லை. காகிதத்தில் சண்டை போட்டால் பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடும். அதனால் இனி எழுத்துதான்.

நேற்று டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். நான் கேட்கத் தயங்கியதை அவரே ஆரம்பித்தார். "முதல் குழந்தை உட்கார்ந்த மாதிரி இருந்துது, அதனாலதான் அவசரமா ஆபரேஷன் பண்ண வேண்டி வந்துது. இந்தத் தடவை தலை கீழ திரும்பிட்டா உன் உடம்புல தடை எதுவும் இல்ல."

"அப்ப நானே பெத்துக்கலாமா டாக்டர்?"

"உடம்பு விடும். ஆஸ்பத்திரிதான் விடாது."

விஷயம் இதுதான். ஒரு தடவை ஆபரேஷன் ஆனவளுக்கு வலி வரும்போது, எப்போதோ ஒருத்திக்குப் பழைய தையல் விட்டுப்போகலாம். விட்டால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஊரில் மயக்க டாக்டர் இரண்டே பேர், ஆஸ்பத்திரி மூன்று. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வருவது செவ்வாயும் வெள்ளியும். வலியோ கிழமை பார்த்து வராது. எனவே முன்பு ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்து மறுபடி அறுத்துவிடுவது வழக்கமாம். நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மே மாசம் ரெண்டாவது செவ்வாய் எழுதிக்கவா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பேனாவை அவள் மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "செவ்வாயா? நல்லதாப் போச்சு, அன்னிக்கு எனக்கு லிஃப்ட் சர்வீஸ் எதுவும் இல்ல" என்றார். நான் வேலை பார்க்கிற பஸ் டிப்போவில் மேனேஜர், "தேதி சொல்லிட்டீங்கன்னா உங்க லீவுக்கு ஆள் போட்டுடுவேன்" என்றார். பெறப்போகிற எனக்கும் பிறக்கப்போகிறதற்கும் தவிர எல்லோருக்கும் அந்தச் செவ்வாய் வசதியாக இருக்கிறது.

நீ என்ன நினைக்கிறாய்?

இங்கிருந்து ஒரு முத்தம், சுண்டெலியிடமிருந்து இன்னொன்று. அவளுக்கு மூன்று வயது ஆனதிலிருந்து முத்தத்தைக் கூடப் பேரம் பேசித்தான் தருகிறாள்.

உன் தங்கை

—

ஜனவரி 24

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஓட்டல் சலவைப் பிரிவில் எல்லா மாதமும் ஒரே பருவம்தான், நீராவி. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். டாக்டர் ஒரு நாளைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஆபரேஷன் உனக்கு என்ன புதுசா? ஏற்கெனவே ஒன்று ஆயிற்று, பிழைத்துத்தானே கிடக்கிறாய்? தேதி தெரிந்தால் மனதுக்கு நிம்மதி. முன்கூட்டியே எல்லா ஏற்பாடும் செய்துகொள்ளலாம். எப்போது வரும் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம் கண்டாய்?

அம்மா இருந்திருந்தால் உன் காதைப் பிடித்துத் திருகியிருப்பாள். அவள் வேலையை நான் எழுத்தில் செய்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. பஸ் டிப்போவில் நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாருக்கும் டியூட்டி போடாதே, நடுவில் எழுந்து நட.

மே மாதம் இரண்டாவது செவ்வாய் என்றால் பன்னிரண்டாம் தேதி வருகிறது. அதுதானா? உறுதியாக எழுது.

அக்கா

—

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நேற்றைப் போலவே இன்றும் நன்றாக இருக்கிறோம். உன் நீராவி இந்தக் காகிதம் வரைக்கும் சுட்டது.

ஆபரேஷன் புதுசா என்று கேட்டாய். புதுசு இல்லை, அதனால்தான் சொல்கிறேன். சுண்டெலி பிறந்தபோது என்னை முழுசாக மயக்கிவிட்டார்கள். அவள் முதன்முதலாக அழுததை அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கிறது. துடைப்பக்காரம்மா கேட்டிருக்கிறார், வாசலில் நின்ற வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். நான் மட்டும் கேட்கவில்லை. நான் கண் விழித்தபோது அவள் யார் மடியிலோ பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு தையலில் சீழ் வைத்து, பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாமல் கட்டிலில் கிடந்தேன். இப்போது அவளே "தூக்கு தூக்கு" என்று காலைச் சுற்றுகிற வயது. நான் மறுபடி படுத்துவிட்டால் அவளுக்கு யார்?

ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை அக்கா. அது இல்லாவிட்டால் சுண்டெலியே இல்லை. தேவை என்று வந்தால் நானே ஓடிப்போய் அந்த மேஜையில் படுத்துக்கொள்வேன். ஆனால் தேவை என் உடம்பில் இருக்க வேண்டும். டாக்டர் வருகிற கிழமைக்காக என்னை அறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு இந்தக் குழந்தையை நானே பெற ஆசையாக இருக்கிறது. அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

மற்ற இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தேன். ஒன்றில், "இங்க அப்படிப் பழக்கமில்லை" என்றார்கள். இன்னொன்றில் முன்மேஜைப் பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல், "முன்னாடி ஆபரேஷனா? அப்ப இப்பவும் ஆபரேஷன்" என்றாள், ஏதோ கடையில் கொடுத்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது போல. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் எந்நேரமும் இருப்பாராம். ஆனால் அரை நாள் பஸ் பயணம். வலியோடு பஸ்ஸிலா? எங்கள் டிரைவர்களை எனக்குத் தெரியும்.

நேற்று டிப்போவில் உட்கார்ந்து அடுத்த வார டியூட்டி சார்ட் போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. எங்களிடம் எந்நேரமும் ஒரு ஸ்பேர் டிரைவர் இருப்பார், தெரியுமா? யூனிஃபார்ம், ஷூ எல்லாம் போட்டு ஓய்வறையில் உட்கார்ந்திருப்பார். யாராவது வராவிட்டால் அவர் வண்டி எடுப்பார். பல நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஸ்பேர் சும்மா போனால்தான் அன்றைக்கு டிப்போ நன்றாக ஓடியது என்று அர்த்தம்.

மூன்று ஆஸ்பத்திரியும் அந்த இரண்டு டாக்டர்களைத் தனித்தனியாகக் கூப்பிடுகின்றன. யார் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் இருவரும் ஊரில் சும்மா இருக்கிறார்கள், சில நாள் இருவருமே இல்லை. இத்தனை பஸ்ஸுக்கும் ஆள் போடுகிற எனக்கு, இரண்டு பேருக்கு ஒரு ஸ்பேர் டியூட்டி போட வராதா?

சிரிக்காதே. சிரித்தாலும் எழுது.

உன் தங்கை

—

பிப்ரவரி 19

வாலுக்கு,

இங்கே வழக்கம்போல. சிரிக்கவில்லை.

சார்ட் கீர்ட் எல்லாவற்றையும் டிப்போவோடு வைத்துக்கொள். டாக்டர்களுக்கு டியூட்டி போடுகிறாளாம்! நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மே பன்னிரண்டுதானா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். இந்த மாதக் கடைசிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். ஏன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

—

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றரை இப்போது மூன்றே முக்கால் ஆகிவிட்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை என்பதைத் தவிரக் குறையில்லை. உனக்கு உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத நல்ல சேதி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மானம் போனதுதான் மிச்சம்.

சார்ட் போட்டேன். ஆசையாக, சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்டு. யார் எந்த நாள் எங்கே, யார் ஸ்பேர், எல்லாம் வைத்து. டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, "இது நடக்கும்போலத்தான் இருக்கு, ரெண்டு பேருக்கும் அனுப்பிப் பாக்கறேன்" என்றார். நான் வீட்டுக்குப் பறந்துதான் வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி நிர்வாகி போனில் கூப்பிட்டார். சார்ட்டின் கடைசி வரியைப் படித்தீர்களா என்றார். எடுத்துப் பார்த்தேன். டிப்போவில் ஒவ்வொரு சார்ட்டின் அடியிலும் ஒரு வரி போடுவோம். கை தானாகவே அதையும் எழுதிவிட்டிருக்கிறது: "ஆஜர் நேரத்துக்குப் பின் வருவோரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்படும்."

மயக்க டாக்டர்களிடம்! அதுவும் ஒருவர் தலை நரைத்த பெரியவர், முழங்கால் வலியோடு மூன்று ஆஸ்பத்திரிப் படியும் ஏறி இறங்குகிறவர். "யார் இந்தம்மா? நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?" என்று கத்தினாராம். இன்னொருவர் சின்ன வயது, வீட்டில் இரட்டைக் குழந்தைகள். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அது இன்னும் பயமாக இருந்தது. நிர்வாகி, "இனிமே இந்த விஷயமா யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார்.

டிப்போவில் முகம் கழுவப் போகிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் ஒரு கண்டக்டர் நின்றுகொண்டு, "மேடம், எனக்கு ஞாயித்துக்கிழமை ஆஃப் மாத்திக் குடுங்க" என்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமைக்குப் பெயர் கொடுக்க வேண்டியதுதானா அக்கா? இந்த ஒரு தடவை திட்டாமல் எழுது.

உன் தங்கை

—

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போனிலும் அத்தான்தான் எடுத்து, அக்கா வேலையில் இருக்கிறாள் என்கிறார். நீ இவ்வளவு நாள் என்னைத் திட்டாமல் இருந்ததே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனாலும் சேதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் டிப்போ விலாசத்துக்கு எனக்கு ஒரு உறை வந்தது. முழங்கால் டாக்டரிடமிருந்து. அப்படியே எழுதுகிறேன், கேள்:

"தாங்கள் கோரியபடி எழுத்து மூலம் விளக்கம். இத்தனை ஆண்டுகளில் நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. முதல் காரணம், மூன்று இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது காரணம், முழங்கால். மேலும் தங்கள் சார்ட்டில் ஒரு பெரிய பிழை உள்ளது. ஆபரேஷன் முடிந்ததும் நான் கிளம்பிவிடுவதாகப் போட்டிருக்கிறீர்கள். நோயாளி நன்றாகக் கண் விழிக்கும்வரை நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இது பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிற வேலை இல்லை. திருத்தி அனுப்பவும்."

திருத்தி அனுப்பவும்! அக்கா, நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

பிறகு டாக்டர் அம்மா அறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். இரட்டைக் குழந்தை டாக்டர் அன்றைக்குப் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லையாம். சார்ட்டில் தன் பெயருக்கு நேரே 'ஓய்வு' என்று இருந்ததைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். "ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா என் பிள்ளைங்களோட இருந்து ரொம்ப நாளாச்சு. போன் அடிக்காதுன்னு யாராவது உறுதி குடுத்தா எந்தச் சார்ட்டுக்கும் நான் தயார்" என்றார். இருவரும் ஒரே ஊரில் இத்தனை காலம் வேலை செய்து, ஒரே மேஜையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாம். எனக்காக யாரும் தியாகம் செய்யவில்லை. அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. நான் போட்ட தப்புகளை அவர்கள் திருத்தினார்கள், அவர்கள் விட்ட நாள்களை நான் நிரப்பினேன்.

நிர்வாகி முதலில், "இது வழக்கமில்லையே" என்றார். டாக்டர் அம்மா, "மே மாசம் மட்டும் ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா நிறுத்திடுங்க" என்றார். சரி என்றுவிட்டார். டாக்டர் அம்மா என்னிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இது முயற்சிதான். நடுவுல எனக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் ஆபரேஷன். அப்ப எங்கிட்ட வாதாடக் கூடாது." சத்தியம் செய்து கொடுத்தேன். குழந்தையும் தலையைக் கீழே திருப்பிக்கொண்டுவிட்டது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: பன்னிரண்டு இல்லை. அது தானாக வருகிற நாள்.

சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. நீயும் ஒரு வரி எழுதினால் முழுச் சந்தோஷம்.

உன் தங்கை

—

ஏப்ரல் 15

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, ஆசிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அக்கா உடம்புக்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவர்கள் சலவைப் பிரிவில் லீவு போர்டு என்று ஒன்று சுவரில் தொங்குகிறது. கோடைக்கான லீவை பிப்ரவரி முடிவதற்குள் அதில் எழுதிவிட வேண்டும். எழுதியபின் வேறு வாரத்துக்கு மாற்ற முடியாது. ஒரு வாரத்துக்கு ஒரு ஆளுக்குத்தான். உன் அக்கா மே இரண்டாவது வாரத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். நீ ஆமாம் என்று சொல்வாய் என்று நம்பி எழுதிவிட்டாள். அந்த வாரம் வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் கேட்ட விடுமுறை நாள்களில் எல்லாம் இவள்தான் வேலைக்குப் போனாள்.

சுண்டெலி பிறந்த அன்று உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது இவள் சலவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். லீவு கொடுக்கவில்லை. பிறகு வந்து பார்த்தாலும், அன்றைக்கு நீ தனியாகக் கிடந்தாய் என்பதை அவள் மறக்கவே இல்லை. இந்தத் தடவை உன் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உன்னிடம் சொன்னால் நீ அவளுக்காக ஒத்துக்கொண்டுவிடுவாய் என்று பயந்துதான் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாமல்தான் தேதி தேதி என்று கேட்டிருக்கிறாள்.

உன் மனதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை அம்மா. அவள் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நீ நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அத்தான்

—

ஏப்ரல் 21

அக்கா,

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

இவ்வளவு நாள் எல்லோரும் ஏன் தேதி கேட்கிறார்கள் என்று யோசித்தேன், நீ ஏன் கேட்கிறாய் என்று யோசிக்கவே இல்லை. அம்மா போன பிறகு அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

செவ்வாய்க்கிழமையே இருக்கட்டும். மே முதல் வாரம் டாக்டர் அம்மாவைப் பார்க்கும்போது பெயர் கொடுத்துவிடுகிறேன். நீ வா. எனக்கு வருத்தமில்லை.

உன் தங்கை

—

ஏப்ரல் 27

வாலே,

வருத்தமில்லையாம்! உன் எழுத்து சாய்ந்தால் நீ பொய் சொல்கிறாய் என்று இரண்டாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும். கடைசி வரி சாய்ந்து காகிதத்தை விட்டே வெளியே போகிறது.

செவ்வாய்க்கிழமைக்கு நீ பெயர் கொடுத்தால் நான் வரவே மாட்டேன். என் லீவுக்காக உன் வயிற்றை அறுத்துக்கொண்டாய் என்றால், அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அதில் என் பெயர்தான் எழுதியிருக்கும். எனக்கு அது வேண்டாம். நான் உன்னைப் பார்க்க வர நினைத்தேனா, அந்தப் பன்னிரண்டாம் தேதியைப் பார்க்க வர நினைத்தேனா என்று எனக்கே குழம்பிப்போயிருந்தது. பன்னிரண்டு இல்லை என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோது முதலில் சந்தோஷப்பட்டேன், அடுத்த நிமிடம் என் லீவு போச்சே என்று அழுதேன். அழுதவளால் எப்படி உனக்குப் பதில் எழுத முடியும்? சரி, அது போகட்டும்.

உன் கடிதங்களை மடிப்பு மேஜையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் சார்ட்டின் கடைசி வரிக் கதையைக் கேட்டு, என்னோடு துண்டு மடிக்கிற நெட்டைக்காரி சிரித்த சிரிப்பில் மடித்த துண்டெல்லாம் சரிந்துவிட்டது. விளக்கம் கேட்கப்படும் என்பதைத்தான் இப்போது இங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் மிரட்டச் சொல்கிறார்கள். சிரித்து முடித்தபின் இஸ்திரிக்காரம்மா கேட்டார், "அவ டாக்டருங்களுக்கே ஸ்பேர் போடறா, உனக்குப் போட நாங்க இல்லையா?"

இங்கே லீவை வேறு வாரத்துக்கு மாற்ற முடியாது, இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கத்தான் முடியும். ஆனால் ஒரு ஷிப்ட்டை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசரிடம் சொன்னால் போதும். யாரும் இதுவரை அடுக்கடுக்காக அப்படிச் செய்ததில்லை, அவ்வளவுதான். என் பெயரைப் போர்டில் அழித்து அந்த வாரத்தை நெட்டைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு வீடு மாற்ற வேண்டும். பதிலுக்கு மேஜையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு ஷிப்ட் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என்றைக்குக் கூப்பிடுகிறாயோ அன்றைக்கு ஒருத்தி என் இடத்தில் நிற்பாள், மறுநாள் இன்னொருத்தி.

பை தயாராக மடிப்பு மேஜைக்கு அடியில் இருக்கிறது. உன் அத்தான் ரயில் நேரம் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். வலி வந்ததும் போன் செய். "வண்டி எடு" என்று மட்டும் சொல், அதற்கு மேல் பேசினால் சண்டை வரும். ரயிலில் வர ஒரு ராத்திரி ஆகும். நான் வருவதற்குள் பிறந்துவிட்டால் பிறந்துவிடட்டும், எனக்காக அடக்கிக்கொண்டு உட்காராதே. டாக்டர் அம்மா ஆபரேஷன் என்றால் அந்த நிமிடமே சரி என்று சொல்ல வேண்டும். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு நான் உன் ஸ்பேர். ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா

—

மே 17, ஞாயிறு

சாப்பாட்டு மேஜை மேல், தண்ணீர் ஜாடிக்கு அடியில்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைப் படிக்கிறாய் என்றால் ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது, பக்கத்து வீட்டு டீச்சர் சாவியும் கொடுத்துவிட்டார். சுண்டெலி அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்பில் சோறு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வா, சாப்பிடாமல் வந்தால் அங்கே மயங்கி விழுந்து எனக்கு வரவேண்டிய டாக்டரை நீ எடுத்துக்கொள்வாய்.

நேற்று மத்தியானம் உன்னைக் கூப்பிட்டபோது வலி விட்டு விட்டுத்தான் வந்தது. விடிந்ததும் சேர்ந்து வர ஆரம்பித்தது. டாக்டர் அம்மா உடனே வரச் சொல்லிவிட்டார், கிளம்புகிறோம். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, பார்த்தாயா? சார்ட்டின்படி இன்றைக்கு முழங்கால் டாக்டர். என் வீட்டுக்காரர் போன் செய்து பார்த்தார், அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். சீக்கிரம் வா.

உன் தங்கை

—

அதே நாள்

பிரசவ அறைக்கு வெளியே, பெஞ்சு

அன்புள்ள வாலுக்கு,

வந்துவிட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் சுகமாக இல்லை, நானும் உன் வீட்டுக்காரரும். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். ஆயாம்மாவைக் கெஞ்சி இந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் முழங்கால் டாக்டர் எதிர் பெஞ்சில் ஷூவோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ரொம்ப நேரமாக ஒரே பக்கம்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குழந்தை அழுதது. உள்ளே மூன்று பேர் இருக்கிறீர்களாமே. நம்முடையதா, வேறு யாருடையதா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா

—

அதே நாள்

கதவுக்கு உள்ளே

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து சாய்ந்தால் பொய் என்று நினைக்காதே.

நம்முடையதுதான். பையன். எங்கள் வீட்டில் இப்போது முழுசாக நான்கு பேரும் சுகம். டாக்டரிடம் சொல், அவர் வண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை, பேப்பரை மடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலை நீட்டி உட்காரச் சொல்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் உன்னை உள்ளே விடுவார்களாம். அதற்குள் உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அவன் அழுததை நீ கதவுக்கு வெளியே கேட்டாய் அல்லவா? உனக்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன் அக்கா. எல்லோருக்கும் முன்னால்.

உன் தங்கை